கற்பித்தலும் மருத்துவமே

மருத்துவர் தீர்த்து அனுப்பிவிடக்கூடிய நோய்கள் சில. மருத்துவரும் நோயாளியும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சுமக்க வேண்டிய நோய்கள் பல. எலும்பு முறிந்து வருபவர் எலும்பின் இயல்பைப் பற்றி ஏதும் அறியாதவராக இருப்பினும், கட்டுப் போட்டவரின் கைத்திறத்தால் எலும்பு கூடிவிடும். நாட்பட்ட நோயில் அந்த வாய்ப்பு இல்லை. ஆண்டில் சில நிமிடங்களே மருத்துவர் முன் அமர்ந்து, எஞ்சிய பகல்களையும் இரவுகளையும் தம் வீட்டிலேயே கழிக்கும் நோயாளி, தமக்குத் தாமே மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டியவராகிறார். அந்த மருத்துவத்தை அவருக்கும் அவர் வீட்டாருக்கும் கற்பிப்பதை, மருத்துவர் நேரம் கிடைத்தால் செய்யும் உபகாரமாக நாம் இதுவரை கருதிவந்திருக்கிறோம். இக்கருத்து மாற வேண்டும். கற்பிக்காமல் அனுப்பப்பட்ட நோயாளி, பாதி மருத்துவம் மட்டுமே பெற்றுத் திரும்பியவர்.

இது நமக்குப் புதிய நெறியன்று. வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்தின் கூறுகளாக நோயுற்றவரையும் மருத்துவரையும் மருந்தையும் சொன்னதோடு நில்லாமல், அருகிருந்து மருந்து கொடுப்பவரை நான்காவதாக எண்ணி வைத்தார். அந்த நான்காமவர் இன்று தாய், மனைவி, மூத்த மகள், பல வீடுகளில் பாட்டி. அவருக்கு எதுவும் சொல்லித் தராத மருத்துவமனை, நான்கில் ஒன்றைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறது.

இந்த இழப்பு எந்த நோயிலும் தீங்கே. ஆஸ்துமாவில் அது உயிரையே வாங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது; 4,55,000 பேர் இதனால் இறந்தனர். அதே ஆண்டின் உலக நோய்ச்சுமை ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடியே 43 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. உலக நோயாளிகளில் நூற்றுக்கு 13 பேர் நம் நாட்டவர். இந்நோயால் இறப்போரிலோ நூற்றுக்கு 42 பேர் நம் நாட்டவர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நுரையீரலின் குறையாகச் சொல்லிவிட முடியாது. மருந்து எட்டாமையும், எட்டிய மருந்தை முறையாகப் பயன்படுத்தாமையுமே அத்தொலைவு.

நோயின் இயல்பே இத்தவற்றுக்கு இடம் தருகிறது. மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நீடித்த அழற்சியால் தடித்துக் கிடக்க, தூசியோ புகையோ குளிரோ சளிக்காய்ச்சலோ சற்றே தீண்டியதும் அவற்றைச் சூழ்ந்த தசைகள் இறுகி, காற்றுச் செல்லும் வழி ஒடுங்கிவிடுகிறது. இதற்கு மருந்து இரு திறத்தது. சால்பியூட்டமால் போன்றவை இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திச் சில மணி நேரம் ஆறுதல் தருவன, அழற்சியைத் தொடுவதில்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளோ அழற்சியையே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணிப்பன. இழுத்த அந்நேரத்தில் எதையும் உணர்த்துவதில்லை. உணர்த்தும் மருந்தை மனிதர் நம்புகின்றனர். உணர்த்தாத மருந்தைக் கைவிடுகின்றனர். இவ்வாறு, காப்பாற்றும் மருந்து அலமாரியில் கிடக்க, ஆறுதல் மட்டும் தரும் மருந்து சட்டைப் பையில் குடியேறிவிடுகிறது. ஆறுதல் மருந்தை மட்டுமே நம்பி வளரிளம் பருவத்தினருக்கும் பெரியோருக்கும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முனைப்பு என்னும் அமைப்பு 2019-இல் தன் வழிகாட்டு நெறியைத் திருத்தியமைத்தது. அத்திருத்தம் மருத்துவர்களின் மேசையை எட்டிவிட்டது. நோயாளியின் அடுக்களையை எட்டியதா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியைக் கேரளத்துக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. எறணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து மேற்கே சென்றால், நீரோரமாக நீளும் கடைவீதியின் இருமருங்கும் சுக்கும் மிளகும் ஏலமும் மிளகாயும் நூற்றாண்டுகளாக அடுக்கப்பட்ட பண்டகசாலைகள். இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கம் 1957-இல் அமைந்ததும் இங்கேதான். அந்த வணிகத்தின் பெரும்பகுதி இன்று வேறிடம் சென்றுவிட்டது. பண்டகசாலைகள் பல பழம்பொருள் கடைகளாகவும், 2012 முதல் ஈராண்டுக் கலைவிழாவின் கூடங்களாகவும் மாறிவிட்டன. எனினும் சுக்கைத் தேய்த்து, சுண்ணாம்புப் பூச்சு உதிர உதிரப் புடைத்து, தரையிலமர்ந்து தரம் பிரிக்கும் பெண்களின் தலைமுறை இன்னும் அங்கே வாழ்கிறது. நறுமணப்பொருள்களின் தூசி ஆஸ்துமாவைத் தூண்டவும் சிலரிடம் புதிதாகத் தோற்றுவிக்கவும் வல்லது என்பது தொழில்சார் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்த மணத்தை வரலாற்றின் மணம் என்று வியந்து செல்லும் விருந்தினருக்கு, அதை எட்டு மணி நேரம் மூச்சாக இழுத்தவரின் மார்பு நினைவுக்கு வருவதில்லை.

தொழிற்களத்தை விட்டு வீட்டுக்கு வந்தாலும் மூச்சுக்கு ஓய்வில்லை. நெருங்கிய சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், சூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும் மழையின் ஈரம் பூஞ்சையாகச் சுவரேறுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் நுண்ணுண்ணிகள் ஈரக்காற்றில் பெருகுகின்றன. கொச்சியின் கொசுத்தொல்லையோ ஊரறிந்தது. அதற்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்துக் கொசுவர்த்தியை ஏற்றிவைத்துத் துயில்கின்றன குடும்பங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிகையில் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நிகரானது என 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. பிள்ளையைக் கொசுவிடமிருந்து காக்க எண்ணிய தாயே, பிள்ளையின் மூச்சுக்கு ஊறு செய்ய நேர்கிறது. அத்தாயைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. கொசுவலை போதும் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை; கொசு வளரும் கால்வாயைத் துப்புரவு செய்ய வேண்டியவர் செய்யவில்லை.

நகரத்தின் புறக்கணிப்பு எவ்வளவு பெரிய தீங்காக வளரக்கூடும் என்பதைக் கொச்சி 2023-இல் கண்டது. அவ்வாண்டு மார்ச் 2-ஆம் நாள் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, 13-ஆம் நாள்தான் அணைந்தது. ஞெகிழிக் குவியல்கள் எரிந்த நச்சுப்புகை நகரெங்கும் படர்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, மூச்சு நோயுடையோர் வீட்டைவிட்டு வெளிவர வேண்டா, முகக்கவசம் அணிக என்று அரசு அறிவித்தது. கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. இவையெல்லாம் முறையே. ஆயினும், வீட்டுக்குள் அடைந்திருக்கச் சொல்லப்பட்ட நோயாளியிடம், மூச்சு இறுகத் தொடங்கினால் எந்த மருந்தை எத்தனை முறை இழுப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எந்த அறிகுறி கண்டால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓடுவது என்று எழுதப்பட்ட ஒரு தாள் இருந்ததா? இருந்த வீடுகள் எத்தனை? பேரிடர் வரும் நாளில் அத்தாளை எழுதத் தொடங்க முடியாது.

கற்பித்தல் என்று நாம் சொல்வது எவ்வளவு நுட்பமான செயல் என்பதை, கையளவேயான அந்த இன்ஹேலரைக் கொண்டே உணரலாம். அழுத்துவகை இன்ஹேலரை முதலில் நன்கு குலுக்க வேண்டும். மூச்சை முழுதும் வெளிவிட வேண்டும். இதழ்களை அதன் வாயைச் சுற்றி இறுக மூடி, மெல்ல மூச்சிழுக்கத் தொடங்கும் அக்கணத்திலேயே அழுத்தி, இழுப்பை நிறுத்தாமல் ஆழக் கொண்டுபோய், பத்து எண்ணும்வரை அடக்கி வைக்க வேண்டும். இழுப்புக்கு முன்னரோ பின்னரோ அழுத்தினால் மருந்து தொண்டையில் படிந்து வீணாகும். பொடிவகைக் கருவிக்கோ முறை நேர்மாறு. அதில் மூச்சை விரைந்தும் வலிந்தும் இழுத்தாலன்றிப் பொடி நுரையீரலை அடையாது. ஒருவகையிலிருந்து மற்றதற்கு மருத்துவர் மாற்றி எழுதும்போது இவ்வேறுபாட்டைச் சொல்லாவிடில், நோயாளி பழைய பழக்கப்படியே இழுத்து, மருந்து பயனில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். கருவியிலிட்டு உடைத்து இழுக்க வேண்டிய பொடிக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவோரும் உண்டு. கேப்சூல், மாத்திரையின் வடிவத்தில் இருக்கிறது, மாத்திரையை விழுங்குவதுதான் அவர் வாழ்நாளெல்லாம் கற்றது, வேறென்ன செய்வார்? ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்ற ஒரு சொல் விடுபட்டுப்போனால், வாயில் வெண்புண் கண்டு மருந்தையே நிறுத்திவிடுகின்றனர்.

சிறுபிள்ளைக்கு அழுத்தலும் இழுத்தலும் ஒருசேர வாராதென்பதால், இடையே ஸ்பேசர் என்னும் காற்றறை வேண்டும். விலை கண்டு அதை வாங்காமல் விடும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: 500 மில்லி ஞெகிழிப் புட்டியைக் கொண்டு முறையாகச் செய்து அடைத்த காற்றறை, கடையில் விற்பதற்கு ஒப்பாகவே பயன்பட்டதை 1999-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஆய்ந்து காட்டினர். ஏழ்மை இங்கே தடையாக இருக்க வேண்டியதில்லை. சொல்லித் தருவார் இல்லாமையே தடை.

அச்சங்களும் இருக்கின்றன, அவற்றைப் பழிக்காமல் கேட்டுத் தீர்ப்பதும் கற்பித்தலின் பகுதியே. பம்பு பழகிவிட்டால் விடமுடியாது என்பர்; ஸ்டீராய்டு என்ற பெயரே உடலை ஊதவைக்கும் என்பர்; மகளின் கையில் இன்ஹேலரைக் கண்டால் வரன் அமையாது என்று அதை மறைப்பர். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் இருப்பது 5,000 மைக்ரோகிராம் என்றும், ஓர் இழுப்பில் இருப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம் என்றும், அதுவும் நேரே நுரையீரலுக்குச் செல்வதென்றும் பொறுமையுடன் எடுத்துரைத்தால், முதல் இரண்டு அச்சங்களும் பெருமளவு தணியும். மூன்றாவது அச்சம் நோயாளியுடையதன்று, நம் சமுதாயத்துடையது. அதற்கு மருந்தும் நம்மிடமே இருக்கிறது. கற்பிப்பார் இல்லாத இடத்தில் அச்சத்தோடு வீண் நம்பிக்கையும் வளர்கிறது. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் மிருகசீரிடப் பொழுதில் உயிருள்ள விரால்குஞ்சை மருந்துப் பசையோடு விழுங்குவதற்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் பெருந்திரள் கூடுகிறது. அதனால் ஆஸ்துமா தீர்ந்ததற்கு மருத்துவச் சான்று இல்லை. எனினும் அத்திரளை நோக்கி நகைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. தம் நோயைப் பற்றித் தம்மிடம் அமர்ந்து பேசியவர் எவருமில்லை என்பதனாலேயே, நோயோடு வாழக் கற்பதை விட்டு நோயை ஒரே நாளில் போக்கும் வழியைத் தேடி அவர்கள் அங்கே வருகின்றனர்.

குடும்பத்தை மருத்துவத்தில் பங்காளியாக்கினால் என்ன விளையும் என்பதற்கு முன்னுதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பங்காவ் ஏதிலியர் முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலாநபீஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கலங்களில் நிரப்பிவைத்து, அதை நோயாளிக்கு ஊட்டும் பொறுப்பை உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அந்தத் தாய்மாரும் உடன்பிறந்தாரும் எழுத்தறிந்தவர்களா என்று யாரும் வினவவில்லை. செய்து காட்டினர், அவர்கள் செய்தனர்.

ஆஸ்துமாவிலேயே இதற்கொத்த முயற்சியைப் பின்லாந்து 1994 முதல் 2004 வரை நாடளவில் மேற்கொண்டது. ஊர்தோறும் ஆஸ்துமாவுக்குப் பொறுப்பான மருத்துவரும் செவிலியரும் அமர்த்தப்பட்டனர். மருந்தகங்களிலும் அதற்கெனப் பயின்ற ஒருவர் இருந்தார். நோயாளிக்குத் தன்னைத்தான் கவனித்துக்கொள்ளும் முறை கற்பிக்கப்பட்டது. 1993-இல் ஆண்டுக்கு 1,10,000-ஆக இருந்த ஆஸ்துமா மருத்துவமனை நாட்கள், 2003-இல் 51,000-ஆகக் குறைந்தன. எதிர்மறைச் சான்றைப் பிரித்தானியா தருகிறது. அங்கே அரச மருத்துவர் கல்லூரி 195 ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் நூற்றுக்கு 45 பேர் இறுதித் தாக்கத்தின்போது மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேருமுன்னரோ இறந்தனர் என்றும், எழுதப்பட்ட செயல்திட்டம் பெற்றிருந்தோர் நூற்றுக்கு 23 பேரே என்றும் கூறியது. மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கும் நாட்டில் நிகழ்ந்தவை இவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. துண்டறிக்கை அச்சிட்டு வழங்குவதையும், மே மாத முதல் செவ்வாயில் வரும் உலக ஆஸ்துமா நாளில் பதாகை பிடிப்பதையும் கல்வியென்று கொண்டுவிடலாகாது. இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவினர், செய்தியை மட்டும் சொல்லும் கல்வியால் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை என்று கண்டனர். நோயாளி தம் நிலையைத் தாமே கண்காணித்தல், எழுத்திலான செயல்திட்டம், மருத்துவரின் முறையான மறுபார்வை ஆகிய மூன்றும் கல்வியோடு சேர்ந்த இடங்களிலேயே சேர்க்கையும், அவசர வருகையும், இரவுநேர இரைப்பும் குறைந்தன. ஆகவே நாம் கேட்பது எளியதன்று. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும்.

கற்பிப்பதன் பெயரால் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தோளில் ஏற்றிவிடுவதும் அறமாகாது. பார்சிலோனாத் துறைமுக நகரில் 1981 முதல் 1987 வரை 26 முறை, ஒரே நாளில் திரள் திரளாக மக்கள் ஆஸ்துமாத் தாக்கத்துடன் மருத்துவமனைக்கு ஓடினர். காரணம் தேடியவர்கள் இறுதியில் கண்டது, துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கப்படும்போது வடிகட்டியில்லாத களஞ்சியத்திலிருந்து பறந்த தூசியை. வடிகட்டி பொருத்தப்பட்டது, கொள்ளைநோய் நின்றது. அந்நகர மக்களுக்கு எவ்வளவு கற்பித்திருந்தாலும் அந்த ஒரு வடிகட்டிக்கு ஈடாகியிருக்காது. மட்டாஞ்சேரியின் பண்டகசாலை உடைமையாளரும், அவரைக் கண்காணிக்க வேண்டிய தொழிலாளர் துறையும், குப்பையை எரியவிட்ட மாநகராட்சியும் தத்தம் கடனைச் செய்யட்டும். அதன்பின் நோயாளியிடம் அவர் கடனைக் கேட்போம்.

கேரளத்துக்கு இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தப்பட்டு வருகின்றன. நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கெனச் ‘ஸ்வாஸ்’ என்னும் திட்டமும் அவற்றில் நடைபெறுகிறது. அத்திட்டத்தின் செவிலியரும் கருவிகளும் ஆஸ்துமாக் கல்விக்கும் முழுமையாகப் பயன்பட வேண்டும். மட்டாஞ்சேரி மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் கருவேலிப்படி வட்ட மருத்துவமனையிலும், அவசரப் பிரிவில் மூச்சுச் சீரான குழந்தையை வீட்டுக்கு அனுப்புமுன், தாய் தம் கையால் இன்ஹேலரைக் கொடுத்துக் காட்டுவதைச் செவிலியர் கண்டு ஒப்பமிடும் முறை வர வேண்டும்.

அங்கே கற்பிக்கும் மொழி எதுவென்பதும் கருத வேண்டியது. மட்டாஞ்சேரியிலும் அதையடுத்த ஃபோர்ட் கொச்சியிலும் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் வீட்டுமொழிகளாக வாழ்கின்றன. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களின் மூத்தோருக்கு, மூச்சு முட்டும் நேரத்தில் மலையாளத்தில் எழுதிய தாள் எவ்வளவு உதவும்? இதே கொச்சியில்தான், டச்சு ஆளுநர் வான் ரீடு முன்னின்று தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ உருவாயிற்று. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்குத் தம் அறிவை வழங்கினர்; செடிகளின் பெயர்கள் மலையாளம், அரபு, தேவநாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டன. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் மருத்துவ அறிவைப் பல எழுத்துகளில் பதித்த ஊரால், ஒரு பக்கச் செயல்திட்டத்தைப் பல மொழிகளில் அச்சிட இயலாதென்று எவரும் சொல்ல முடியாது.

தமிழகமும் இதில் தன் கடனை மறந்திருக்கலாகாது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் முதன்மையாக நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் தேடிச் சென்றது. வாசல்வரை சென்றுவிட்ட அந்த ஊழியர், உள்ளேயிருக்கும் இரைப்பு நோயாளியின் கையிலுள்ள இன்ஹேலரையும் ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதற்குத் தனி அரசாணையும் பெரும் பொருட்செலவும் தேவைப்படா. பள்ளிகளிலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் இதைப் பயின்றிருக்க வேண்டும். பிள்ளையின் இன்ஹேலரைத் தலைமையாசிரியர் அறைப் பெட்டியில் பூட்டிவைக்கும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும்.

இதைப் படிப்போர் வீட்டில் இந்நோயாளி ஒருவர் இருப்பாராயின், அவர் ஒரு சொற்றொடரை முழுதாகப் பேசி முடிக்கத் திணறினாலோ, இதழ் நீலம் பாய்ந்தாலோ, கழுத்தும் விலாவும் உள்வாங்கினாலோ, ஆறுதல் மருந்தின் பயன் நான்கு மணி நேரம்கூட நிலைக்காவிட்டாலோ, பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரைப்பொலி திடீரென அடங்கி, மூச்சு மட்டும் திணறுமாயின் அது தேறியதன் அறிகுறியன்று; காற்றே செல்லவில்லை என்பதன் அறிகுறி. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் முன் அதை இழுத்துக் காட்டுங்கள். எந்நிலையில் என்ன செய்வதென்று உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதித் தரக் கேளுங்கள். அந்தத் தாள் கையில் வராமல் அவ்வறையை விட்டு எழவேண்டா.